மேல் கம்பி

ஜூன் 2

காலையில் மருந்தடித்தேன். காற்று திரும்பிவிட்டது. பாதி மருந்து திராட்சைக் கொடிக்கு, பாதி எனக்கு. இந்த வருஷம் எனக்குச் சாம்பல் நோய் வராது.

இதைக் கேட்டுச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "முகமூடி போட்டுக்கங்க மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

அவள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. பெண்ணைப் பறிகொடுத்த அப்பாவும், பெண்டாட்டியைப் பறிகொடுத்த நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ரொம்ப மரியாதை. அவர் உப்பை என் பக்கம் நகர்த்துகிறார், நான் அவருக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். அவள் இருந்தபோது இதே மேஜையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். இப்போது முட்டை உரிக்கிற சத்தம் கேட்கிறது. முட்டை வேகவைப்பது மாமா. எறிந்தால் துள்ளும், அவ்வளவு கெட்டி.

எழுந்திருக்கும்போது சொன்னார்: "இந்த அறுவடை முடியட்டும். அப்புறம் நீங்க உங்க வழியைப் பாருங்க. உங்களுக்கு அப்படி என்ன வயசாயிடுச்சு? தோட்டத்தை நான் யாருக்காவது குத்தகைக்கு விட்டுடறேன்."

எந்த வழி? இத்தனை வருஷமா எனக்கு வழின்னா இந்த வீட்டிலிருந்து பம்ப் கொட்டகைக்குப் போற வழிதான். மனசுக்குள் சொல்லிக்கொண்டு தட்டைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 3

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. மிளகு அளவு.

ஜூன் 11

இலை கிள்ளும் வேலை. காலை வெயில் விழும் பக்கம் மட்டும், குலையை ஒட்டிய இலைகளை எடுக்க வேண்டும். இளவெயிலும் காற்றும் உள்ளே போனால் நோய் அண்டாது. சாயங்கால வெயில் பக்கம் கை வைக்கக் கூடாது, பழம் வெந்துபோகும். கல்யாணமான முதல் வருஷம் பக்கம் மாற்றிக் கிள்ளிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றுகூட ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் சூரியனைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினேன்.

மேல் வரிசைகளை, கூலிக்கு ஆள் கூட்டி வரும் அக்கா தன் குழுவோடு ஏப்ரலிலேயே ஒழுங்குபண்ணிவிட்டாள். சரிவின் அடியில், ஓடையை ஒட்டிய மூன்று வரிசைகளுக்கு மட்டும் யாரும் போகவில்லை. ஏப்ரலில் எங்களில் யாருக்குத் தோட்டம் நினைவிருந்தது? இன்றுதான் இறங்கினேன்.

இறங்கியதும் திக்கென்றது. தோட்டமா இது? காடு.

எங்கள் தோட்டத்தில் வரிசைக்கு இரண்டு கம்பி. ஒன்று முழங்காலுக்குச் சற்று மேலே, இன்னொன்று தலைக்குச் சற்று மேலே. ஒவ்வொரு கொடியும் கீழ்க் கம்பியில் இரண்டு கை, மேல் கம்பியில் இரண்டு கை விரித்து நிற்கும். குளிர்காலக் கவாத்தில் ஒவ்வொரு கிளையிலும் இரண்டே கண் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுவாள். இரண்டு கண்ணுக்கு இரண்டு தளிர், தளிருக்கு ஒரு குலை, மிஞ்சினால் இரண்டு. கொடி அதைத்தான் தாங்கும். கூட ஆசைப்பட்டால் இனிப்பு ஏறாது, எல்லாம் புளித்துக்கொண்டு நிற்கும். கவாத்து முழுக்க அவள் வேலை. மருந்து, தண்ணீர், டிராக்டர் என் வேலை. குறை சொல்வது மாமா வேலை.

இந்த மூன்று வரிசையில் கீழ்க் கம்பி ஒழுங்காக இருக்கிறது. மேல் கம்பியில் கத்தரி பட்டதாகவே தெரியவில்லை. போன வருஷக் கிளைகள் முழு நீளத்துக்கு அப்படியே. அதிலிருந்து கிளம்பிய தளிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எண்ண முடியாத குலைகள், உள்ளே வெளிச்சமே இல்லை. சில பிஞ்சின்மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது.

வேறு யாரோ வந்து வெட்டியிருக்க முடியாது. அவள் இடக்கைக்காரி. அவள் வெட்டு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் சாயும். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கீழ்க் கம்பி முழுக்க அவள் வெட்டுதான்.

பிப்ரவரியில் அவள் கடைசியாகச் செய்த வேலை இது. "குளிர்ல கை விறைக்குது" என்றாள். "கையுறை போட்டுக்கோ" என்றேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. கணையம் என்றார்கள். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று.

என்னடி ஆச்சு உனக்கு இங்க? தலை சுத்துச்சா? கண்ணு இருட்டுச்சா? எதை வெட்டினோம், எதை விட்டோம்னே தெரியாம நின்னியா? ஏன் சொல்லல? டிராக்டர் கொட்டகை கூப்பிடு தூரம்தானே. ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?

கோபமாக வருகிறது. செத்தவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? பாதியில் நிறுத்திவிட்டு ஏறி வந்தேன். கடைசி வரிசை முனையில் ஒரு காலிப் பழப்பெட்டி காலைத் தடுக்கியது. எடுத்து வந்து பம்ப் கொட்டகையில் போட்டேன். மருந்து கேன் வைக்க ஆகும்.

ஜூன் 12

அக்கா வந்திருந்தாள். "கீழ் வரிசைக்கும் நாலு ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"கீழ யாரும் போக வேண்டாம். அது என் பொண்ணு கை வெச்ச கொடி. அவ கத்தரிக்குப் பின்னாடி இன்னொருத்தர் கத்தரி எடுத்துட்டுப் போனதே இல்ல."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. இந்தப் பெருமை ஒன்றுதான் மனுஷரை இப்போது நிற்க வைத்திருக்கிறது. நல்லவேளை, அவர் முழங்காலுக்கு அந்தச் சரிவு ஆகாது. இறங்கி ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்தது. தன் பெண் கடைசியில் என்ன நிலைமையில் நின்றாள் என்று தெரிந்துவிடும்.

அவர் கண்ணில் படக் கூடாது. நானே சரிபண்ணிவிடுகிறேன்.

ஜூலை 6, வியாழன்

வியாழக்கிழமை மாமாவுக்கு முழங்கால் வைத்தியம். பஸ் ஏற்றிவிட்டு நேரே கீழே போனேன்.

மேல் கம்பியில் வேண்டாத தளிர்களை எடுத்தேன், அப்புறம் குலைகள். பச்சையாக, கெட்டியாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால்தான் மிச்சத்துக்குச் சத்து சேரும். நோய் கண்டது முதலில், அப்புறம் நிழலில் இருப்பது, அப்புறம் ஒன்றோடொன்று இடிப்பது. அதற்கப்புறம் இருப்பதெல்லாம் நல்ல குலை. அதிலும் பாதியை வெட்ட வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்ததே இல்லை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டித் தள்ளுவாள். "பெரிய மனுஷரே, பாவம் பாத்தா எல்லாமே புளிக்கும்" என்பாள். பெரிய மனுஷர் நான்தான். என்னைக் கிண்டல் பண்ணும்போது வைத்துக்கொள்ளும் பெயர்.

வெட்டினதைத் தரையில் விடவில்லை. சாக்கில் கட்டி, ஓடைக்கு அப்பால் குப்பைக் குழியில் கொட்டி இலை போட்டு மூடினேன். திருடன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 13, வியாழன்

நடு வரிசை முடிந்தது. சாயங்காலம் மாமா என் கையைப் பார்த்து, "என்ன இவ்வளவு கறை?" என்றார். டிராக்டர் என்றேன். டிராக்டரில் பச்சைக் கறை எங்கிருந்து வரும்? அவரும் கேட்கவில்லை.

ஜூலை 17, திங்கள்

மாமா என்னை டவுனுக்கு அனுப்பினார், ஒரே ஒரு போல்ட் வாங்க. வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. "அது சரியில்ல, புதுசு வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல, நிதானமா வாங்க" என்றார். தனியாக உட்கார்ந்து அழ வேண்டும் போலிருக்கிறது. நானும் நிதானமாகவே வந்தேன், கடைவீதியில் ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு தடவை நடந்துவிட்டு.

ஜூலை 20, வியாழன்

கடைசி வரிசையும் முடிந்தது. தளிருக்கு ஒரு குலை. அப்பாடா.

ஜூலை 24, திங்கள்

இன்றும் டவுன். இந்தத் தடவை கயிறு. திரும்பி வந்தால் மாமா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நன்றாக வீங்கியிருக்கிறது. வைத்தியம் பார்க்கப் பார்க்க மோசமாகிறது. அந்த வைத்தியரை ஒரு நாள் நான் நேரில் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 7

பழம் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. மேலே அங்கொன்றும் இங்கொன்றும்தான். கீழே போனால் முக்கால்வாசி கறுத்துவிட்டது! முதலில் சந்தோஷமாக இருந்தது. பலே, பெரிய மனுஷரே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் இலையை விலக்கிப் பார்த்தேன். குலைகள் எங்கே? தளிருக்கு ஒன்று விட்டுத்தானே வந்தேன்? மூன்று தளிருக்கு ஒன்றுதான் இருக்கிறது. பறவை கொத்தினால் காம்பு மிஞ்சும், சிதறல் கிடக்கும். ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். காம்பை உற்றுப் பார்த்தேன். வெட்டியிருக்கிறது. என் கத்தரி வெட்டு இல்லை. கத்தியால் இழுத்து அறுத்தது.

வளைந்த கத்தி வைத்திருப்பவர் இந்தத் தோட்டத்தில் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 8

குப்பைக் குழிக்குப் போனேன். நான் கொட்டிய இடத்துக்குப் பின்னால், பழைய கம்பங்கள் அடுக்கியிருக்கும் மூலையில், இன்னொரு குவியல். வெட்டின குலைகள் பாதி காய்ந்து கிடக்கின்றன. மேலே ஒரு சாக்கு போர்த்தி, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறது. எதையும் அரைகுறையாகச் செய்கிற மனுஷர் இல்லை.

ஆக, திங்கள்கிழமை அவர், வியாழக்கிழமை நான், ஒருவர் வெட்டியது இன்னொருவருக்குத் தெரியாமல். அந்த முழங்காலோடு சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, சாக்கைச் சுமந்துகொண்டு.

அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் அவசர அவசரமாகத் தோன்றியது. அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 15

அவரிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

கொடி இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. இலை நிறைய, குலை கொஞ்சம். சர்க்கரை முழுவதும் அந்தக் கொஞ்சத்தில் போய் ஏறுகிறது. தலைத் தளிர்களைக் கத்தரித்து வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறேன். குளவி வந்துவிட்டது. பறவைக்கு வலை கட்டியாயிற்று. ஒரு பழம் தின்று பார்த்தேன். ஆகஸ்டில் இப்படி இனிக்கக் கூடாது.

அவளுடைய கடைசி வரிசைகள். காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து கெடுத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 29

ஒயின் ஆலையிலிருந்து பழம் பார்க்கிறவர் வந்தார். ஒவ்வொரு வரிசையிலும் பழத்தை மென்று, தோலைச் சப்பி, விதையைப் பல்லால் உடைத்து, தூரமாகத் துப்புவார். அவள் அவருக்கு வைத்த பெயர் துப்பாக்கி. அவர் நிமிர்ந்து துப்பும்போதெல்லாம் எனக்கு அவள் முழங்கை இடிப்பது போலவே இருந்தது.

மேல் வரிசைகளில் ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இனிப்பும் புளிப்பும் ஒண்ணுக்கொண்ணு சரியா வந்துட்டிருக்கு. தண்ணியை நிறுத்துங்க. ரெண்டு வாரம் பொறுத்து அறுக்கலாம்" என்றார்.

அப்புறம் கீழே போகிறேன் என்றார். நானும் கூடப் போனேன். திரும்பிப் பார்த்தால் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வருகிறார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

கீழே மூன்று பழம் மென்றார். முகம் சுருங்கியது. "இது பறக்குதே! சர்க்கரை எங்கயோ ஏறிப் போயிடுச்சு, புளிப்பு செத்துப்போச்சு. இதை அதோட கலக்க முடியாது, எங்களுக்கு வேண்டாம்." மேல் கம்பி இலைகளை விலக்கிப் பார்த்தார். "யாருங்க இப்படி மொட்டை அடிச்சது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றார் மாமா.

ஒரே நேரத்தில். ஆலைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ரெண்டு பேருமா?" வாயிலிருந்த விதையைத் துப்ப மறந்து, அப்படியே வைத்துக்கொண்டு ஏறிப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். மாமாதான் பேசினார்.

"அவளைக் கொண்டுபோன மறுவாரம் இங்க இறங்கினேன் மாப்ளே. கடைசியா வேலை செஞ்ச இடத்தைப் பாக்கணும்னு இருந்துச்சு. அப்பவே பாத்துட்டேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னுதான் மாமா நான்..."

"நானும் அதான் நினைச்சேன். நீங்க இதைப் பாத்தா, ஐயோ கூட நிக்கலையேன்னு உங்களையே தின்னுடுவீங்க. அதான் அந்தக்கா கிட்டயும் அப்படி வீறாப்பா பேசினேன்."

"தலை சுத்தி, எது வெட்டினது எது வெட்டாததுன்னே தெரியாம நின்னிருப்பா மாமா. அதான்..."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாத மரியாதைக்கு அப்புறம் நிஜமான கோபம். "யாரு? என் பொண்ணா? தெரியாம நின்னாளா? இந்த முனையில ஒரு பெட்டி கிடந்துச்சே, பாக்கலையா நீங்க? உக்காந்து வெட்டியிருக்கா! நிக்க முடியல அவளால. பெட்டியைக் கொடிக்குக் கொடி இழுத்துப் போட்டு உக்காந்து வெட்டியிருக்கா. உக்காந்தா மேல் கம்பி எட்டுமா? கையெட்டின இடத்துல பாருங்க. ஒரு வெட்டு தப்புன்னு காட்டுங்க. கடைசிக் கொடி வரைக்கும். ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்!"

கைத்தடியால் கீழ்க் கம்பியைத் தட்டித் தட்டிக் காட்டினார். அப்புறம் கையிலிருந்து தடி நழுவியது. எடுத்துக் கொடுத்தேன். தடியை வாங்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம். அவள் போன அன்றுகூட நாங்கள் ஒருவர் எதிரில் ஒருவர் அழவில்லை.

அவரை வீட்டில் விட்டுவிட்டுப் பம்ப் கொட்டகைக்குப் போனேன். பெட்டியின் மேல் இருந்த மருந்து கேனை இறக்கி வைத்தேன். பெட்டியைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 31

கீழ் மூன்று வரிசையையும் நாங்கள் இரண்டு பேருமே அறுத்தோம். கூலிக்கு ஆள் வேண்டாம் என்றார். ஆலைக்கு வேண்டாமென்றால் போகிறது, வீட்டுக்கு இருக்கட்டும். மாடியில் துணி விரித்து உலர்த்தியிருக்கிறோம்.

மாமா ஒரு பழத்தை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். "ரொம்ப இனிப்பு. அவ தொட மாட்டா" என்றார்.

உண்மை. புளிக்கிற பழத்தைத்தான் தேடித் தேடித் தின்பாள்.

செப்டம்பர் 13

மேல் வரிசைகளின் அறுவடை. வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அக்காவின் குழு பாட்டும் சண்டையுமாக அறுத்தது. பழுதுபட்ட பழம் தேடினாலும் கிடைக்கவில்லை. நோயும் இல்லை, வெடிப்பும் இல்லை. ஆலைக்காரர் லாரிப் பக்கத்தில் நின்று ஒரு பழத்தை மென்றார், துப்பவில்லை. விழுங்கிவிட்டார். "நல்ல கவாத்து" என்றார்.

மாமா, "என் பொண்ணு" என்றார்.

லாரி போனதும் தோட்டம் வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் விட்டுவைத்த கண்ணில் முளைத்து, அவள் பார்க்காத பழங்கள். எல்லாம் போயின.

செப்டம்பர் 20

அறுவடை முடியட்டும் என்றார். முடிந்துவிட்டது. பரணிலிருந்து என் பையை இறக்கினேன். உள்ளே அவளுடைய ஒற்றைக் கையுறை இருந்தது. இடது கை. மறுபடி பரணில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

இலை உதிர்கிறது. குத்தகைப் பேச்சை மாமா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. முட்டை இன்று கொஞ்சம் பரவாயில்லை என்றேன். "அப்ப நாளைக்கு நீங்களே வேகவைங்க" என்றார் வெடுக்கென்று. கேட்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 4

கவாத்து. மேல் வரிசைகளில் போன மாதமே ஆரம்பித்தேன். எதிர்ப்பக்கம் சாய்ந்த அவளுடைய ஒவ்வொரு வெட்டையும் என் வெட்டால் எடுத்துவிட்டு அடுத்த கொடிக்குப் போக வேண்டும். வேறு வழியில்லை. பழசை விட்டுவைத்தால் கொடி கெட்டுவிடும். வெட்டிய ஒவ்வொரு துண்டும் கீழே விழும்போது வலித்தது. வெட்டிக்கொண்டே போனேன்.

இன்று கீழ் மூன்று வரிசை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய், முதல் கொடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கையை முழுக்க நீட்டினேன். மேல் கம்பி எட்டவில்லை. விரல் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்.

உட்கார்ந்தால்தான் இன்னொன்றும் தெரிகிறது. இரண்டு கம்பிக்கும் நடுவில், நேர் எதிரே, டிராக்டர் கொட்டகை. கதவு, கதவுக்குப் பக்கத்தில் நான் நிற்கிற இடம். போன பிப்ரவரியில் நான் அங்கே இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டியிருக்கிறாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவள் கூப்பிடவில்லை.

பின்னால் கைத்தடிச் சத்தம். மாமா, கையில் அவளுடைய கத்தரி.

"இந்த வருஷத்துக்கு எத்தனை கண் விடறதா உத்தேசம்?" என்றார்.

"ரெண்டு."

"ம். எழுந்திரிங்க. பெட்டியை இப்படிக் குடுங்க."

எழுந்து கொடுத்தேன். உட்கார்ந்து, காலை நீட்டி, கத்தரியை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். கீழ்க் கம்பியை அவர் வெட்டினார். மேல் கம்பியை நான்.